ஏழாம் பிரிவு

மூன்று இரவு பேசினோம்.
வாவிக்கரை ஹோட்டலின் மேல்மாடி,
ஏ.சி. வேலை செய்யாத அறை.
கொழும்பிலிருந்து வந்த லோயர்
யன்னலைத் திறந்துவிட்டு முதலில் கேட்டது:
"இங்க மீன் பாடுமாமே, உண்மையா?"
அஸ்மீர் சொன்னான்:
"சம்பளம் வந்த மாசத்தில பாடும், சேர்."

எங்கள் பக்கம் நாலு கதிரை.
எனக்கு, அஸ்மீருக்கு, பார்த்தலட்டுக்கு.
மிச்சமிருந்ததில் என் கிட் பையை வைத்தேன்.
உள்ளே ஒரு சோடிச் சப்பாத்து, முழங்கால் பட்டி,
இரண்டு வருடமாய்க் கழகம் காசு தராத
ஸ்கான் பில்.

கேட்டது அதிகமில்லை.
பத்தாம் திகதிக்குள் சம்பளம்.
திருகோணமலைக்கு விளையாடப் போனால் இராச்சாப்பாடு,
பாணும் சம்பலும் என்றாலும் பரவாயில்லை.
ஐந்தாம் பிரிவில்,
விழுந்தவனை விழுந்த அன்றே வெட்டாமல்
மூன்று மாதமாவது பெயரை வைத்திருத்தல்,
வைத்தியச் செலவோடு.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று:
பத்தொன்பது நிரம்பாதவனோடு
ஒப்பந்தம் இல்லை.
"பிள்ளைகள் படிக்கட்டும்" என்றார் லோயர்.
நல்ல வசனம். எதிர்த்தால்
பள்ளிக்கூடத்துக்கே எதிரியாகிவிடுவோம்.
அவர்கள் கணக்கு எனக்குத் தெரியும்:
இரண்டு வருஷம் பாடசாலை மட்சில்
சும்மா பார்ப்பது, பிறகு மலிவாய் எடுப்பது.
எங்களிடமும் ஒரு கணக்கு இருந்தது.
தண்ணீர்க் கிளாசை வாயில் வைத்துக்கொண்டு
மூன்று பேரும் அதைச் சொல்லாமல் இருந்தோம்.

எனக்கு முப்பத்திமூன்று.
பார்த்தலட்டுக்கு முப்பத்தைந்து, இடுப்பில் ஊசி.
கோட்டமுனை சீமெந்துத் தரையில்
வெனிஸ்ரன் என்றொரு பெடியன்,
வயது பதினேழும் எட்டு மாதமும்,
துள்ளாமல் நின்றபடியே வலையைத் தொடுவான்.
போன மாசப் பயிற்சியில்
அவன் என்னைக் கடந்ததை நான் காணவில்லை,
சப்பாத்துக் கீச்சிட்டது கேட்டது,
கிறுகிப் பார்க்க
பந்து வளையத்துக்குக் கீழே
தானாய்த் துள்ளிக்கொண்டிருந்தது.

மூன்றாம் இரவு ஒரு மணி போல
லோயர் பேனையை மூடினார்.
"ஏழை எங்களுக்குத் தாருங்கள்,
ஐந்தை உங்களுக்குத் தருகிறோம்."
இலக்கத்தைத்தான் சொன்னார்.
என்றாலும் அந்தச் சொல்
கொஞ்ச நேரம் மேசையில் கிடந்தது.

அஸ்மீர் என்னைப் பார்த்தான்.
பார்த்தலட் கூரையைப் பார்த்தான்.
நான் கையைத் தூக்கினேன்,
ஃப்ரீ த்ரோவுக்கு முன்
மணிக்கட்டைத் தளர்த்துகிற அளவு லேசாக.
நாலாவது கதிரையில்
பை இருந்தபடி இருந்தது.
கீழே இறங்கி மூவரும் கொத்து ரொட்டி சாப்பிட்டோம்.
வென்றோம் என்று அஸ்மீர் பில்லைக் கட்டினான்.
உண்மையிலும் வென்றோம்தான்.
ஸ்கான் காசு ஒன்பதாம் திகதியே வந்தது.

சவ்வில் கிழிசல் என்றார் வைத்தியர்.
ஒரு நாளைக்கு நாலு தரம்
இருபது நிமிஷம் ஐஸ் வைக்கச் சொன்னார்.

பாலமீன்மடு போகிற வழியில் ஐஸ் கடை.
குனிந்துதான் உள்ளிருந்து வந்தான் வெனிஸ்ரன்,
நிலைக்கு அவன் உயரம் தெரியாது.
இங்கே வேலை என்று எனக்கும் தெரியாது.
"விடியப்புறம் போட்டுக்கு ஏத்துறம் அண்ணன்.
பின்னேரம் சில்லறைக்கு."
"எவ்வளவு காலமா?"
"பதினாறு முடிஞ்ச கையோட."

கட்டியை நிமிர்த்தி வைத்தான்.
"பத்தொன்பதாமே."
"ஓம்."
"சங்கத்தில சேர எத்தின வயசு?"
"வயசில்ல. ஒப்பந்தம் இருக்கோணும்."
"ஆ" என்றான்.

இரும்புக் கம்பி இரண்டு தரம் இறங்கியது.
"முழங்காலுக்கெண்டா தூளாக்கித் தாறன்,
கட்டி குத்தும்."
கேட்டதைவிடச் சிறிதாக உடைத்தான்,
உரப்பையில் அள்ளி வாயைக் கட்டினான்.
மீதி அறுபது ரூபாயை
இரண்டு தரம் எண்ணித் தந்தான்.
"மறுகா வாங்க."

கல்லடிப் பாலம் ஏறும்போதே
காற்சட்டை நனைந்துவிட்டது.