புள்ளி வரி

பேனல்காரன் மறுபடி விலையை ஏற்றினான்.
எத்தனை கணக்கோ அத்தனை டாலர்.
கடிதத்தைப் படித்துவிட்டுத் தேனப்பன் சொன்னான்:
'நம்ம ஊர்ப் புள்ளி வரிதான் ஆச்சி.
கோயில் எங்கேன்னுதான் தெரியலை.'

காரைக்குடி, செக்காலை ரோடு, பேட்டரிக் கடைக்கு மாடி.
எங்களிடம் எண்பத்து மூன்று தளங்கள்.
புதுவயல் அரிசி ஆலைகளே பதினொன்று.
ஆத்தங்குடிக் கல் விற்பவர்கள் நாலு பேர்,
நாலு பேருக்கும் ஒரே திருட்டுப் படம்.
ஒரு கல்யாண மண்டபம்,
அதன்மேல் வழக்குப் போட்டிருக்கும் வக்கீல்;
சர்வருக்குள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு.

வெள்ளி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கினோம்.
இலவசப் பேனல். நிரல் திறந்தே கிடக்கிறது,
யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.
போனேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேல்
எவனோ குறித்து வைத்திருக்கிறான்:
இது ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது, தொடாதே.
அதற்கப்புறம்தான் நம்பிக்கை வந்தது.

ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தக் கத்த,
கீழே பூட்டிய ஷட்டருக்குள் அத்தனை பேட்டரி.

எண்பத்திரண்டு வந்து சேர்ந்துவிட்டன.
மிச்சம், முத்துராக்கு போர்வெல்ஸ்.
ஆள் போய் மூன்று வருஷம், பணமும் நின்று மூன்று வருஷம்.
ஒரே ஒரு பக்கம்:
கோட்டையூர், முந்நூற்று நாற்பது அடி, உப்பு.
பள்ளத்தூர், இருநூற்றுப் பத்து, நல்ல தண்ணி.
கானாடுகாத்தான், ஐந்நூறு, பாறை. காசு வாங்கவில்லை.

'இதை விட்டுரலாமா?'
நியாயமான கேள்விதான்.
வருகைப் பதிவைத் திறந்தேன்.
இந்த வைகாசியில் மட்டும் நாற்பத்தோரு முறை
யாரோ வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தவறியபின்
ஊர்க் கணக்கில் நான் அரைப்புள்ளி.
வரியும் பாதிதான், சலுகை என்றார்கள்.
வாங்கிக்கொண்டேன்.
இந்தப் பேனலில் அரைக்கு இடமில்லை,
இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.
முத்துராக்கு பெயருக்கும் காமுக்கும் நடுவே
அந்தப் புள்ளி அப்படியே நிற்கிறது.

மூன்று ஐம்பதுக்கு அதையும் நகர்த்தினேன்.
உரிமையாளர் மின்னஞ்சல் என்று ஒரு பெட்டி,
நிரப்பாமல் மேலே போகவிடாது.
என்னுடையதைக் கொடுத்தேன்.
தேனப்பன் மேஜையில் தலை சாய்த்திருந்தான்.
உடனே போன் அதிர்ந்தது:

வணக்கம் முத்துராக்கு,
உங்கள் கணக்கு தயார்.