மிச்சம் கால் லிட்டர்

மார்ச் பதினாறு, மாலை ஆறு.
மாலக்கி என் கதவைத் தட்டுகிறான்.
தலை நனைந்திருக்கிறது.
எனிஸ்டைமனில் இந்த அளவு மழைக்கு
யாரும் குடை தேடுவதில்லை.
"ஊற்ற வருகிறாயா?"
ஒன்பது வருடமாக அதே இரண்டு சொல்.

கடையில் ப்ரோனா கேட்கவே மாட்டாள்.
பாலுக்கும் ரொட்டிக்கும் நடுவே
செய்தித்தாள் சுற்றிய பாட்டிலை
என் பையில் செருகிவிடுவாள்.
தபால்காரி கோட்டுக்குள் அதை அணைத்துக்கொண்டு
அவன் வேலியைத் தாண்டுகிறேன்,
பதிவுத் தபால்போல.

அடுப்பு முன்பே சூடேறியிருக்கிறது.
மேசைமேல் கோக்கோ, பழுப்புச் சர்க்கரை,
கட்டி வெண்ணெய், மாவு, சோடா உப்பு,
மூன்று முட்டை.
ஒன்றில் கோழியின் இறகு இன்னும் ஒட்டியிருக்கிறது.
எல்லாம் அளந்தாயிற்று
ஒன்றைத் தவிர.

அவன் கொல்லைப்பக்கம் போகிறான்.
எண்ணெய்த் தொட்டி அருகில்
ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பான்.
நான் மூடியைத் திறக்கிறேன்.
பாட்டில் ஒரு சின்ன மூச்சு விடும்.
சரியாக அந்த நொடியில்
வெளியே இருமல்.
அவனுக்குச் சளி இல்லை.

கருப்பு பீர் என்கிறார்கள்.
விளக்குக்கு நேரே சாய்த்தால்
அடியில் மாதுளை நிறம்.
பாத்திரத்தில் நுரை ஏறி, யோசித்து, இறங்குகிறது.
வெண்ணெய் முதலில் தீவு, பிறகு கடற்கரை,
பிறகு ஒன்றுமில்லை.
கோக்கோவைக் கொட்டிக் கிளறும்போது வாசம் மாறுகிறது.
கருகிய பார்லி. காபி வறுக்கிற தெரு.
மதுக்கடை இப்போது இந்த அறையில் இல்லை.
கண்ணாடியை மூன்று முறை தட்டுகிறேன்.

வந்து சட்டையை மடித்துவிட்டுக்கொள்கிறான்.
லாரி ஓட்டிய கை.
மாவு அதற்குப் பயப்படுகிறது.
"முக்கால் மணி நேரம் வெந்தாலும்
முழுசாகப் போகாதாம்" என்கிறான்
தட்டில் வெண்ணெய் தடவியபடி.
"கொஞ்சம் தங்கிவிடுமாம்."
நான் பதில் சொல்லவில்லை.
"கேக்கைச் சொன்னேன்" என்கிறான்.

மிச்சம் கால் லிட்டர்தான் எப்போதும் தொல்லை.
முதல் வருடம் தொட்டியில் கொட்டினேன்.
இரண்டு நாள் அந்தக் குழாய் மூச்சுவிட்டது.
அவன் குளியலறையில் தட்டு கழுவினான்.
அப்புறம் நானே வீட்டுக்கு எடுத்துப்போய்
ஏதோ திருடியதுபோல் நின்றுகொண்டே குடிப்பேன்.
இந்த முறை
ஐந்து ஜாம் பாட்டில் மூடிகளை நீட்டுகிறான்.
கண்ணாடிக்குக் கீழ் லெட்டூஸ் முளைத்திருக்கிறது.
ஓடில்லா நத்தைகள் பாதியைத் தின்றுவிட்டன.
மூடிகளை மண்ணில் பதித்து
டார்ச் வெளிச்சத்தில் ஊற்றினேன்.
அவன் வழக்கம்போல் இருமினான்.

மறுநாள் புனித பேட்ரிக் திருநாள்.
நான்கு டிராக்டர், ஒரு தீயணைப்பு வண்டி,
சுருள்முடி கலைந்து நடுங்கும் நடனச் சிறுமிகள்,
நனைந்த ட்ரம்பெட்.
மண்டபத்தில் நீண்ட மேசை.
கருத்த கேக்கின்மேல் வெள்ளைக் க்ரீம்,
அப்போதுதான் ஊற்றி வைத்த கோப்பைபோல.
அதை அப்படிப் பூசுவதும் அவன்தான்.
யாரும் எதுவும் சொல்வதில்லை.
பள்ளி ஆசிரியை மூன்றாம் துண்டுக்கு வருகிறாள்.
அவன் வெட்டுகிறான். கத்தியைத் துடைக்கிறான். வெட்டுகிறான்.
விரலில் பட்டதைக்கூடத் துணியில்தான்.

"சொல்" என்கிறான் என்னிடம்.
ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன்:
இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு நிற்கிறது,
கதவருகே நிற்கும் விருந்தாளிபோல், என்றெல்லாம்.
நாக்கு அறிந்ததை
வாய் அழகாக்கித் தந்தது.
இந்த முறை உண்மையைச் சொன்னேன்:
"கொஞ்சம் வறண்டுவிட்டது, மாலக்கி.
ஐந்து நிமிடம் முன்னால் எடுத்திருக்கலாம்."
மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தான்.

பதினெட்டாம் தேதி காலை
தபால் கொடுக்கப் போனபோது
பாத்தியருகே குத்தவைத்திருந்தான்.
ஐந்து மூடியிலும் சேர்த்துப் பதினொன்று.
எண்ணி முடித்திருந்தான்.
மழைநீர் கலந்து வெளுத்த பீரில்
மெத்தென்று மிதந்தன.
"முட்டாள்கள்" என்றான்,
தெரிந்தவர்களின் பெயரைச்
சொல்வதுபோல,
மெதுவாக.