முப்பது மில்லி

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு.
தெல்ஃபினா. வயது மூன்று. படுக்கை பதினொன்று.
ஒலாவர்ரியாவில் ஜூலைக் குளிர்,
சிமெண்டு ஆலையின் புகை நகராமல் நிற்கிறது சன்னலுக்கு வெளியே.
நான் லென்ஸைத் திருகுகிறேன்.

வட்டமாக இருக்க வேண்டியவை வட்டமாக இல்லை.
தலைக்கவசம் போல் ஒன்று,
கடித்துப்போட்ட பிஸ்கட் போல் ஒன்று,
முக்கோணம், பிறை, வெறும் துணுக்கு.
நூற்றுக்கு ஏழு என்று எழுதுகிறேன்.
மறுபடி எண்ணுகிறேன். எட்டு.

யார் உடைத்தது என்று கேட்டால்
விரல் நீட்ட ஆள் இல்லை.
குடலுக்குள் போன கிருமி குடலிலேயே இருக்கிறது.
அது அனுப்பியதுதான் பயணம் போயிருக்கிறது:
ஐந்து கால்களால் பற்றிக்கொள்ளும் ஒரு நஞ்சு,
சிறுநீரகத்தின் மயிரிழை நாளங்களில்
உட்சுவரின் சர்க்கரையைத் தடவித் தடவி.
செல்லுக்குள் நுழைந்து
புரதம் செய்யும் பட்டறையில்
ஒரே ஒரு திருகாணியைக் கழற்றுகிறது.
அவ்வளவுதான்.

சுவர் உரிகிறது.
உரிந்த இடத்தை மூட இரத்தம் ஓடி வருகிறது, நல்லெண்ணத்தோடு,
இழை இழையாய் வலை கட்டுகிறது.
அந்த வலையில் மோதித்தான்
அதன் சொந்தப் பிள்ளைகள் அறுபடுகிறார்கள்.

பசுவுக்கு ஒன்றும் ஆவதில்லை.
அதன் நாளங்களில் அந்தப் பூட்டு கிடையாது.
சாவியைச் சுமந்தபடி
வாலை ஆட்டிக்கொண்டு மேய்கிறது.

அப்பா எவரிஸ்தோ கசாப்புக்கடைக்காரர்.
நடைவழியில் என்னை நிறுத்தி,
அரைத்த இறைச்சியின் நடுவில்
இத்தனை சிவப்புதான் இருந்தது என்று
கட்டைவிரல் நகத்தைக் காட்டுகிறார்.
கிருமியைக் கொல்ல ஏதாவது கொடுங்களேன், என்கிறார்.
சாகும்போது அது
இருப்பதையெல்லாம் கக்கிவிட்டுச் சாகலாம்
என்பதை எந்த வாயால் சொல்வது.
டாக்டரைக் கேளுங்கள், என்கிறேன்.

ஒன்பது நாள் இயந்திரம் அவள் இரத்தத்தைக் கழுவியது.
நடுவில் ஒரு ஞாயிறு,
ஊரின் எல்லா முற்றங்களிலும் கரியும் கொழுப்பும் மணந்தன.
எனக்குப் பசித்தது.
அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் விடியலில்
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.
இரு கையாலும் ஒரு சின்னக் குப்பி.
மூடி இறுக்கமாகத்தான் இருந்தது,
ஆனாலும் தளும்பிவிடும் போல் நடந்தார்.
கலங்கல் நிறம், கடுந்தேநீர் போல.

எவ்வளவு, என்றேன்,
கோடு எனக்கே தெரிந்தும்.

முப்பது, என்றார்,
கடையில் எடை சொல்கிற குரலில்.