தற்காலிக அடைப்பு

ஹெல்தெர்மாவில் கடல் உறைந்து
பனிச்சாலை திறந்துவிட்டார்கள்.
இருபத்தாறு கிலோமீட்டர்.
மறுகரையில் எஸ்டோனியாவின் மிச்சம்,
அதில் ஒரு பல் மருத்துவர்.

சாவடியில் ஹில்லர்
காரின் எடையைக் கேட்டான்.
நவம்பரில் தார்வோவின் பெட்டிக்கு
ஒரு முனை பிடித்தவன்.
"பெல்ட்டைக் கழற்று, ஊர்வே.
நடுவில் எங்கேயும் நிற்காதே.
இருபத்தைந்துக்குள் போ,
இல்லையென்றால் நாற்பதைத் தாண்டு.
இடைப்பட்ட வேகத்தில்தான்
அடியில் அலை எழும், பனி உடையும்."

மூன்று மாதமாக
அந்த இடைப்பட்ட வேகத்தில்தான் இருக்கிறேன் என்று
அவனிடம் சொல்லவில்லை.

தீவு முழுக்க எனக்கு ஒரே மருந்து கொடுத்தது:
பல்லைக் கடித்துக்கொண்டு இரு.
தபால்காரி சொன்னாள். போதகர் சொன்னார்.
மீன் கடையில் சில்லறையோடு சேர்த்துச் சொன்னார்கள்.
சொன்ன பேச்சைக் கேட்கிறவள் நான்.
பகலெல்லாம் கடித்தேன்.
தூக்கத்திலும் கடித்திருக்கிறேன்.
ஜனவரியில் ஒரு ராத்திரி
கீழ்த்தாடை இடப்பக்கக் கடைவாய்ப்பல்
விறகு மாதிரிப் பிளந்தது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குச் சொல்தான் முதலில் போனது.

நான்காம் நாள், பாதி முகம் வீங்கி,
தொலைபேசியை எடுத்து
"இன்னும் சீக்கிரமாக நேரம் கிடைக்காதா?" என்று
ஒருத்தியிடம் சண்டை போட்டேன்.
வைத்த பிறகுதான் உறைத்தது.
வசந்தம்வரை இருக்க வேண்டியதில்லை என்று
தினமும் அடுப்படியில் நின்று
தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவள்
வியாழன் காலை பத்தரைக்கு
ஒரு பல்லுக்காக நேரம் வாங்கியிருக்கிறாள்.

வழியெல்லாம் பனியில் நட்ட ஜூனிப்பர் கொம்புகள்.
எனக்கு முன்னே யாருமில்லை.
பதின்மூன்றாவது கிலோமீட்டரில்
இரண்டு கரையும் தெரியவில்லை.
எப்போதும் தார்வோதான் ஓட்டுவான்,
நான் தெர்மாஸைப் பிடித்திருப்பேன்.
கால் எப்போது தளர்ந்ததோ,
முள் முப்பத்தொன்றில் நின்றது.
கீழே எதுவோ நீளமாக முனகியது.
அவ்வளவு வெள்ளை. அவ்வளவு அமைதி.
கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன்.

அப்போது ஜன்னல் இடுக்கில் வந்த குளிர்
பல்லில் போய் ஏறியது.
அம்மாடி.
அந்தப் பல்லை அங்கேயே திட்டினேன்,
தார்வோவைத் திட்டினேன்,
ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் வாய்விட்டு,
திட்டிக்கொண்டே மிதித்தேன்.
ஐம்பது. அறுபது.

"வாயைத் திறங்கள்" என்றாள் டாக்டர் காட்ரே.
திறந்ததும் கண்ணிலிருந்து வழிந்தது.
"மரத்துப்போகவில்லையா? இன்னொரு ஊசி போடவா?"
பல்லால் இல்லை என்று சொல்ல
வாய் நிறையப் பஞ்சு.
அவள் எதுவும் கேட்காமல்
விளக்கை மட்டும் சற்றே தள்ளிவைத்தாள்.
காத்திருந்தாள்.
சுவரில் யாருடையதோ தாடையின் எக்ஸ்ரே.

"இது தற்காலிக அடைப்பு.
மூன்று வாரம் தாங்கும்.
இரண்டாம் அமர்வு மார்ச் பதினொன்று."
தாங்காவிட்டால்?
"உடனே கூப்பிடுங்கள்.
சிலர் இதோடேயே வருஷக்கணக்காக ஓட்டுகிறார்கள்.
நான் சிபாரிசு செய்யமாட்டேன்."

மார்ச்சில் பனி இருக்காது,
படகில்தான் வரவேண்டும்.
திரும்பும்போது அந்த அட்டவணையை யோசித்தபடி வந்தேன்.
எட்டரைப் படகு பிடித்தால் சரியாக இருக்கும்.

சாவடியில் ஹில்லர், "என்ன சொன்னார்கள்?"
பாதி உதடு இன்னும் என்னுடையதாகவில்லை.
"மறுபடி வரச் சொன்னார்கள்" என்றேன்,
கோணலாக.

சக்கரம் மண்ணில் ஏறியது.
கை தானாகப் போய்
பெல்ட்டை இழுத்து மாட்டியது.
அவன் பார்த்தானா, தெரியாது.

இரவு வலப்பக்கமாகவே மென்று
ஒரு முழு உருளைக்கிழங்கு தின்றேன்.
உப்புப் போதவில்லை.
எழுந்து போய் எடுத்து வந்தேன்.