இடது ஓரம்

எட்டுப் பேரில் ஒருவரை எடுக்க வேண்டும்.

புளியந்தோப்பு, டிகாஸ்டர் ரோடு முனை.
ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் வாடைக்கும் நடுவில்
என் கம்ப்யூட்டர்.
திரையில் கேரம் கிளப் ஆட்கள்,
ஒரு கோப்பை, ஒரு சால்வை,
பின்னால் பாதி ஆட்டோ.

"இடது ஓரம் நிக்கிறான் பாரு, ஒயர் மானு,
அவன மட்டும் தூக்கிடும்மா" என்றார் தேசப்பன்.
"ஃபைனலுக்கு கன்னிகாபுரம் டீமுக்கு ஆடப் பூட்டான்."

கிராப்பை எடுத்தேன்.
கட்டம் விரிய மறுத்தது.
அகலத்தை இழுத்தால் உயரமும் கூடவே வந்தது.
அத்தனை பேரும் ஒரே பாஸ்போர்ட் சைஸுக்குள்
மூச்சுத் திணறி நின்றார்கள்.
காலையில் யாருக்கோ ஹார்பர் பாஸுக்காக
முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து என்று அடித்தது
பெட்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தது.
எண்களை அழித்தேன். கட்டம் இளகியது.

அடுத்த வம்பு.
மானுவுக்கு இந்தப் பக்கம் கோட்டைக் கொண்டுவந்து விட்டால்
விசுக்கென்று படத்தின் ஓரத்துக்கே ஓடி
காந்தம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது.
ஆள் அவ்வளவு ஒல்லி.
அவனுக்கும் ஓரத்துக்கும்
மென்பொருள் வித்தியாசம் பார்க்கவில்லை.
மூன்று தடவை வெட்டினேன்,
மூன்று தடவையும் சிரித்தபடி உள்ளேயே இருந்தான்.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் போனது, மேசை ஆடியது.
"இன்னாம்மா, போமாட்றானா?"

படத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கி,
கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தபடி
கோட்டை மெல்ல நகர்த்தினேன்.
இந்த முறை சொன்ன இடத்தில் நின்றது.
என்டர்.

மானு போனான்.
அவன் விரல்கள் போகவில்லை.
தேசப்பனின் கட்டம்போட்ட சட்டைத் தோளில்
நான்கு விரல், ஒரு மோதிரம்.
கிராப்புக்கு நேர்கோடுதான் தெரியும்.
"சட்டத் துணியவே கொஞ்சம் எடுத்து மேல பூசிடவாண்ணே?
அஞ்சு நிமிஷம்."
அவர் திரையைப் பார்த்தார்.
பிறகு தோளைப் பார்த்தார்,
உடம்பில் இருக்கிற தோளை.
"கெடக்கட்டும்."

எட்டுக்கு நாலு அடி ஃப்ளெக்ஸ் போனது.
தெருப் பிள்ளைகள் அது யார் விரல்,
பேய் விரலா என்று கேட்டார்களாம்.
மழை வந்தது, முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது.
ஃப்ளெக்ஸ் ஒரு மீன் கடைக்குக் கூரையானது.

ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார் தேசப்பன்.
ஜெராக்ஸ் என்ன விலை என்றார்.
தெரிந்த விலைதான்.
கண்ணாடி மேசையை நகத்தால் சுண்டினார்,
ஸ்ட்ரைக்கர் சுண்டுவது போல.
"டபுள்ஸுக்கு ஆளு கொறையுதும்மா.
அவன மறுபடி சேக்க முடியுமா?"

வெட்டியதை அழித்துவிடு என்றொரு டிக் இருக்கிறது.
நான் அதை எப்போதும் எடுத்தே வைத்திருப்பேன்.
ஒரு கல்யாணப் படத்தில் சித்தப்பாவை வெட்டி
அதன்மேலேயே சேவ் பண்ணி
மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து.

ஃபைலைத் திறந்து
இடது கைப்பிடியை வெளியே இழுத்தேன்.
விரல்களுக்குப் பின்னால் மணிக்கட்டு,
முழங்கை, சட்டைக் காலர்,
இத்தனை நாளும் கட்டத்துக்கு வெளியே
சிரித்துக்கொண்டே நின்ற முகம்.

தேசப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.
"இன்னும் கொஞ்சம் இழு."
இழுத்தேன்.
சாம்பலும் வெள்ளையுமாய்ச் சதுரங்கள்தான் வந்தன.
"அவ்ளோதாண்ணே, படம் முடிஞ்சிடுச்சி."
"அங்க ஒரு பையன் நின்னான்மா, டீ கொண்டாந்தவன்."
"கேமராவுலயே விழலண்ணே."

"நின்னான்மா" என்றார்,
மானிட்டரின் பிளாஸ்டிக் விளிம்பைத் தாண்டி
சுவரில் ஓரிடத்தை
விரலால் தொட்டுக் காட்டி.