மூன்று மில்லிமீட்டர்

பர்ஸாவில் பனி. இரவு ஷிஃப்ட்.
பதினேழு பம்புகளில் வால்வு தலைகீழ்.
நெஸ்லிஹான் பெயருக்கு
எச்சரிக்கைக் கடிதம் வந்தாயிற்று.

ஏன் என்றார் செவ்கெட்.
அவசரம் என்றாள்.
ஏன் அவசரம்?
நான்காவது ஏனுக்குள் தேநீர் ஆறிவிட்டது.
ஐந்தாவதை அவளிடம் கேட்கவில்லை,
வால்வைக் கையிலெடுத்துக் கேட்டார்.
எப்படித் திருப்பினாலும் அதே முகம்.
"பொய் சொன்னது இதுதான்."

வியாழனன்று
வால்வின் விளிம்பில் ஒரு வெட்டு,
பம்பின் வாயில் அதற்கொரு முளை,
மூன்று மில்லிமீட்டர்.

யாரும் பார்க்காத நேரம்
வேண்டுமென்றே திருப்பி வைத்தாள்.
போகவில்லை.
கட்டைவிரலால் அழுத்தினாள், உள்ளங்கையால்,
பிறகு
பழைய கோபம் முழுவதையும் கூட்டி.
ம்ஹூம்.

சிரிப்பு வந்துவிட்டது.
கடிதத்தை எட்டாய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு
முட்டுக் கொடுத்தாள்.