ஒரு மூடித் தண்ணீர்

ஷட்டர் ஏற்றி இறக்குவது என் உத்தியோகம்.
எந்த ஆற்றுக்கு எத்தனை கனஅடி
நோட்டில் எழுதுவேன்.
திறந்துவிட்டே பழகிய கை.

அதனால்தான் முதல் மூன்று செடியும் அழுகின.
தரையோடு தரையாய் ஊரும் சாதி,
இலை ஒவ்வொன்றும் ஊறிய அரிசிப் பருமன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
மாட்டிக்கொண்ட ஒரு பகலில்
நர்சரி வண்டிக்காரனிடம் வாங்கியது.

நான்காவதும் தண்டு கறுத்துக் கூழாக,
பிடுங்கி வீசிவிட்டுப் போனேன்,
ஷட்டர் சுற்றிச் சுற்றி இறங்கிய குடலைத் தைக்க.
தஞ்சாவூர் மெடிக்கலில் பதினேழு நாள்.
சித்திரை. ஆறு வெறும் மணல்.

திரும்பி வந்தால்
கியர்பெட்டி மூடியில்
கிரீஸில் ஒட்டிய காற்றுமணலில்
விரல்நுனி நீளம் ஒரு துண்டு
வெள்ளை நூலாய் வேர் விட்டிருந்தது.
யாரும் ஊற்றவில்லை, அவ்வளவுதான்.

கிள்ளியதை உடனே நடக்கூடாது.
காயம் காய இரண்டு நாள் நிழலில் கிடக்கணும்
(எனக்கு ஆறு வாரம் ஆனது).
மணல், செங்கல் தூள், கொஞ்சம் உமிச்சாம்பல்.
பத்து நாளைக்கு ஒரு சோடா மூடித் தண்ணீர்.
மறந்துபோனால் இன்னும் நல்லது.

ஆவணி பிறந்தும் தண்ணீர் எட்டாமல்
கடைமடையிலிருந்து மரியசூசை
சண்டைக்கு வந்தார்.
"எங்க வாய்க்காலுக்கு எப்பய்யா?"
உத்தரவு வரலை என்றேன்.
கத்தி ஓய்ந்தபின் அவர் கண்
பெயின்ட் டப்பாவில் வழிந்து தொங்கும்
பச்சையின் மேல்.

ஒரு கிளை கிள்ளிக் கொடுத்தேன்.
"எவ்வளவு தண்ணி கேக்கும்?"
கேக்கவே கேக்காது.

அவர் சிரிக்கவில்லை.
பீடிக்கட்டுத் தாளில் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.